அந்தப் பக்கம் எதற்குப் போகிறீர்கள்

அந்தக் குடியிருப்பில் அவளுக்கு வைத்த பெயர் கேள்விக்காரம்மா. அலுவலகத்தில் மேடம், தெருவில் வாத்தியார் வீட்டம்மா, இங்கே கேள்விக்காரம்மா. மூன்றில் இதுதான் பொருத்தமான பெயர் என்று அவளுக்கே தோன்றும். கல்லூரி முடித்ததிலிருந்து அவள் பார்த்த ஒரே வேலை, முன்பின் தெரியாதவர்களின் கதவைத் தட்டிக் கேள்வி கேட்பது. தண்ணீர் எப்போது வருகிறது, பிள்ளை ஏன் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றது, குப்பை வண்டி வருகிறதா, வந்தால் நிற்கிறதா. கேட்டதையெல்லாம் கூட்டிக் கழித்து, அதிகாரிகள் படிக்கக்கூடிய மொழியில் அறிக்கையாக எழுதிக் கொடுப்பாள். ஒரு பகுதியில் ஏதாவது பிரச்சினை என்றால் அது எதனால் வருகிறது, என்ன செய்தால் தீரும் என்று ஆராய்ந்து ஆலோசனை சொல்கிற சின்ன நிறுவனத்தில் அவளுக்கு வேலை. மாநகராட்சியோ வேறு துறையோ கூப்பிட்டால் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு அலைவார்கள். கூப்பிடாத மாதங்களில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து ஈ ஓட்டுவார்கள்.

ஐம்பதைத் தாண்டிவிட்டாள். முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன என்று டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டர் சொல்லாமலே அவளுக்குத் தெரியும். எத்தனை மாடிப்படி, எத்தனை சந்து. எழுதிக் கொடுத்த அறிக்கைகளில் பாதிக்கு மேல் கிணற்றில் போட்ட கல். சில நடந்தன. நடந்தபோது வேறு யாராவது வந்து ரிப்பன் வெட்டினார்கள், அவளுக்கு அழைப்புகூட வராது. அதில் அவளுக்கு வருத்தமில்லை. வருத்தப்படத் தெம்பில்லை என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

வீட்டில் அவளும் கணவரும்தான். மகள் கல்யாணமாகித் தொலைவில் இருந்தாள். கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். வாத்தியாருக்கு வாய் மட்டும் ஓய்வு பெறவில்லை. அவள் சாயங்காலம் வந்து நாற்காலியில் சாய்ந்ததும், "இன்னைக்கு எந்த ஊர் திருந்துச்சு?" என்று கேட்பார். அவள் பதில் சொல்ல மாட்டாள். அவரும் எதிர்பார்க்க மாட்டார். சுடச்சுட டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தன் செய்தித்தாளுக்குள் போய்விடுவார்.

அப்படி ஒரு காலத்தில்தான் தண்டவாள வேலை வந்தது.

நகரத்தின் விளிம்பில் ரயில் பாதைக்கு ஒரு பக்கம் பெரிய குடியிருப்பு. நெருக்கமான சின்ன வீடுகள். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சந்தை எல்லாம் பாதைக்கு அந்தப் பக்கம். நடுவே இரண்டு தண்டவாளம், இரு பக்கமும் மதில். வருஷா வருஷம் அங்கே ஆட்கள் ரயிலில் அடிபட்டுச் செத்துக்கொண்டிருந்தார்கள். செய்தித்தாள் திட்டி எழுதியது. ரயில்வே நடைபாலம் கட்டிக் கொடுத்தது. பளபளவென்று, கைப்பிடியும் விளக்கும் வைத்து, நன்றாகத்தான் கட்டினார்கள். ஆனால் பாலம் காற்று வாங்கியது. ஜனங்கள் மதிலை உடைத்து ஓட்டை போட்டார்கள், தண்டவாளத்திலேயே போனார்கள். அடைத்தால் மறுபடி உடைத்தார்கள். சாவும் நிற்கவில்லை. பாலம் இருந்தும் ஏன் ஏற மாட்டேன் என்கிறார்கள், விழிப்புணர்வு வர என்ன செய்யலாம் என்று ஆராய்ந்து சொல்லும்படி ரயில்வேயும் மாநகராட்சியும் சேர்ந்து கேட்டன.

நிறுவனத்தை நடத்துகிறவர் அவளோடு கல்லூரியில் ஒரே வகுப்பில் படித்தவர். மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றிக்கு மேல் இன்னொரு கண்ணாடி. அலுவலகத்தில் எல்லோரும் அவர் முதுகுக்குப் பின்னால் ரெட்டைக் கண்ணாடி என்பார்கள். நாலு பேர் முன்னால் அவள் அவரை 'சார்' என்பாள், தனியாக இருந்தால் 'நீ'தான். அவர்தான் கேள்விகளைத் தயார் செய்தார். முதல் கேள்வி: 'இங்கே நடைபாலம் இருப்பது உங்களுக்குத் தெரியுமா?' அவள் அதைப் படித்துவிட்டு, அந்தப் பாலம் கண்ணில் படாமல் இருக்க வேண்டுமானால் ஆள் பிறவிக் குருடாக இருக்க வேண்டும் என்றாள். அவர் சிரித்தார். வேலை கொடுத்தவர்கள் அப்படித்தான் கேட்கச் சொல்கிறார்கள் என்றார். அவளும் மேற்கொண்டு வாதாடவில்லை. வாதாடுகிற வயதெல்லாம் தாண்டியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

குடியிருப்பில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். எல்லோரும் மரியாதையாக நாற்காலி போட்டார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். பாலம் தெரியுமா? நல்லாத் தெரியுமே. பாலத்தில்தான் போகிறீர்களா? பின்னே, அதுலதான் போறோம். தண்டவாளத்தைக் கடந்தால் ஆபத்து என்று தெரியுமா? ஐயோ, தெரியாமலா. ஒரு வீட்டுக்காரர் தான் பாலத்தைத் தவிர வேறு வழியில் காலே வைத்ததில்லை என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். அவள் எழுதி முடித்து வாசலுக்கு வருவதற்குள் அவர் பின்பக்கமாக வேலைக்குக் கிளம்பி, மதில் ஓட்டை வழியாகக் குனிந்து போய்க்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் கையை உயர்த்திக் கும்பிடு வேறு போட்டார்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. அலுப்பாக இருந்தது. இந்தப் பதில்களைக் கூட்டிப் பார்த்தால் குடியிருப்பே பாலத்தில்தான் போகிறது, செத்தவர்கள் எல்லோரும் வெளியூர்க்காரர்கள் என்றுதான் அறிக்கை எழுத வேண்டும்.

வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம் அவள் அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் விசாரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து நின்றபடியே பேசியிருந்தாள். தோளில் தொங்கிய பை கல்லாய்க் கனத்தது. குடியிருப்பில் இரண்டு வீடு மட்டும் பாக்கி. முடித்துவிட்டால் வீட்டுக்குப் போய்க் காலை நீட்டலாம். பாலத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள். படிகள் செங்குத்தாக மேலே மேலே போயின. ஏறுவதுகூடப் பரவாயில்லை, இறங்கும்போதுதான் முழங்காலில் கத்தி வைத்த மாதிரி இருக்கும். பக்கத்தில் மதில் ஓட்டை. நாலைந்து பேர் பேசிக்கொண்டே சர்வசாதாரணமாக உள்ளே போனார்கள்.

யோசித்துச் செய்த காரியம் இல்லை அது. கால் அவர்கள் பின்னால் போய்விட்டது.

முதல் தண்டவாளத்தில் ஒரு சரக்கு ரயில் நின்றுகொண்டிருந்தது. வழக்கமாக அங்கேதான் சிக்னலுக்குக் காத்து நிற்கும். முன்னால் போனவர்கள் அதன் முன்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனார்கள், அவளும் சுற்றினாள். சரக்கு ரயிலின் எஞ்சின் இரைச்சலில் வேறு எதுவும் காதில் விழவில்லை. எஞ்சினைத் தாண்டி இரண்டாவது தண்டவாளத்துக்கு ஓர் அடி எடுத்து வைத்தபோது, பின்னாலிருந்து யாரோ பை வாரைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார்கள். மல்லாந்து ஜல்லியில் விழுந்தாள். முகத்துக்கு நேராகச் சுவர் ஒன்று ஓடியது. சுவரில்லை, ரயில். பெட்டிக்குப் பின் பெட்டியாக அது போய்க்கொண்டே இருந்தது. புழுதியும் சூடும் மூக்கில் ஏறின. போய் முடிந்தபோது அவளுடைய ஒரு செருப்பைக் காணவில்லை.

இழுத்தது குடியிருப்பின் தையல்காரம்மா. குடியிருப்புப் பக்க மதில் ஓட்டையை ஒட்டித் தார்ப்பாய் கட்டி மிஷின் போட்டிருப்பவள். சந்தையில் நூல் வாங்கிக்கொண்டு அதே வழியில் பின்னாலேயே வந்திருக்கிறாள். கேள்விக்காரம்மாவைக் கைத்தாங்கலாக நடத்திக் கொண்டுபோய்த் தன் முக்காலியில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்தாள். பாதித் தண்ணீர் மடியில் கொட்டியது. தையல்காரம்மா எதிரே நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"பாலம் இருக்கிறது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் இதுல வந்தீங்க?"

"முட்டி வலி. ரெண்டு வீடுதான் பாக்கி. சீக்கிரம் முடிச்சா வீட்டுக்குப் போயிடலாம்னு..."

"எல்லாரும் சீக்கிரம் வீட்டுக்குப் போகத்தாம்மா வராங்க" என்றாள் தையல்காரம்மா. திட்டுகிற குரல் அதில் அடங்கிப் போயிருந்தது.

கொஞ்ச நேரம் மிஷினை மிதித்தாள். பிறகு தைத்துக்கொண்டே தன் தங்கையைப் பற்றிச் சொன்னாள். தங்கையின் குழந்தைக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் விடியக்காலையில் போய் டோக்கன் வாங்கி வைக்க வேண்டும், அப்புறம்தான் டாக்டர் வருவார். காய்ச்சல்காரக் குழந்தையை அந்தக் குளிரில் தூக்கிக்கொண்டு போக முடியுமா? அதனால் தங்கை முதலில் தனியாகப் போய் டோக்கன் வாங்கினாள். குழந்தையைக் கூட்டிப்போக அவசர அவசரமாகத் திரும்பினாள். திரும்பும்போதுதான். டோக்கன் கையிலேயே இருந்தது என்று சொல்லிவிட்டுத் தையல்காரம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அந்தக் குழந்தை இப்போது அவளிடம் வளர்கிறது.

கேள்விக்காரம்மா எதையும் எழுதிக்கொள்ளவில்லை. ரொம்ப நேரம் அந்த முக்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் கண் முன்னால் ஜனங்கள் ஓட்டைக்குள் போனார்கள், வந்தார்கள். ஒரு தாய் பள்ளிக்கூடத்தில் சின்னப் பையனுக்குச் சோறு ஊட்டிவிட்டுத் தனியாக வந்தாள். பள்ளி விட்டதும் கூட்டி வர மறுபடி போவாள். ஒரு கிழவர் மருந்துச் சீட்டைச் சட்டைப்பையில் திணித்தபடி போனார். இவர்களுக்கு என்ன விழிப்புணர்வு கொடுப்பது? தனக்கு இல்லாத விழிப்புணர்வா? கேள்விகளைத் தட்டச்சு செய்து பைக்குள் வைத்திருந்தவளே அந்தப் பையோடு ரயிலுக்கு முன்னால் போய் நின்றிருக்கிறாள்.

தையல்காரம்மாவின் பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தாள். சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தாள். ஆனால் கணவர் முழங்கைச் சிராய்ப்பைப் பார்த்துவிட்டார். பொய் சொல்லத் தெம்பில்லாமல் நடந்ததைச் சொன்னாள். வாத்தியார் எழுந்து அடுப்பங்கரைக்குப் போனார். வெந்நீர் வைத்து, காயத்தைத் துடைத்து, மருந்து போட்டார். துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு வந்து சொன்னார்.

"நாளைலேர்ந்து நானும் வரேன்."

"நீங்க எதுக்கு?"

"பை தூக்க."

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தாள். மறுநாள் காலையில் அவளுக்கு முன்னால் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். அதற்குப் பிறகு அந்த வேலை முடிகிறவரை பையை அவர்தான் சுமந்தார். போகிற இடத்தில் சுவரில் எழுதியிருக்கும் எழுத்துப் பிழைகளை உரக்கத் திருத்துவார், பிள்ளைகளிடம் வாய்ப்பாடு கேட்டு மிரட்டுவார். அவள் சும்மா இருங்கள் என்று கையைக் கிள்ளினாலும் நிறுத்த மாட்டார். பாலத்தில் ஏறும்போது மட்டும் பேச மாட்டார். அவளுக்கு ஒரு படி முன்னால் நின்று, அவள் ஏறும்வரை காத்திருப்பார்.

அவள் பழைய கேள்விகளை ஓரங்கட்டிவிட்டாள். இப்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அந்தப் பக்கம் எதுக்குப் போறீங்க?"

மடை திறந்த மாதிரி பேசினார்கள். யாருக்கும் இந்தக் கேள்வியில் மழுப்ப ஒன்றுமில்லை. டோக்கனுக்கு ஒரு தடவை, டாக்டருக்கு ஒரு தடவை, மருந்து தீர்ந்திருந்தால் மறுநாள் இன்னொரு தடவை. சின்ன வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டுவிட, சோறு ஊட்ட, கூட்டிவர. சந்தைக்கு எப்போதாவதுதான், சாமான் வண்டிகள் குடியிருப்புக்கே வந்துவிடுகின்றன. வேலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கத்துச் சாலையில் பஸ் பிடிக்கிறார்கள். கடப்பதில் பெரும்பங்கு பெண்கள். அதிலும் கையில் பிள்ளையோ, வீட்டில் நோயாளியோ இருக்கிற பெண்கள். பாலத்தில் ஒருமுறை ஏறி இறங்க அவர்களுக்குச் சோம்பேறித்தனம் இல்லை. ஒரே காரியத்துக்கு மறுபடி மறுபடி ஏறி இறங்கத்தான் முடியவில்லை.

ரெட்டைக் கண்ணாடியிடம் போய்ச் சொன்னாள். அவர் நெற்றிக் கண்ணாடியை இறக்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றி, அவள் கொண்டுவந்ததைப் படித்தார். படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"நம்மகிட்ட கேட்டது பாலத்தப் பத்தி. நீ ஆஸ்பத்திரியப் பத்தி எழுதியிருக்க. ரயில்வேக்காரங்க நமக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைன்னு ஒதுங்கிடுவாங்க. சுகாதாரத் துறை, யாரக் கேட்டு எங்க வேலையில மூக்க நுழைச்சீங்கன்னு சண்டைக்கு வரும்."

"வரட்டும்."

"இத்தன வருஷத்துல நீ இப்படிப் பேசினதில்லையே. என்னாச்சு உனக்கு?"

சொன்னாள். கதையாக இல்லை, ரெண்டே வரியில். அவர் இரண்டு கண்ணாடியையும் கழற்றி மேஜையில் வைத்தார். கண்ணாடி இல்லாத அவர் முகம் அவளுக்குக் கல்லூரிக் காலத்துக்குப் பிறகு இப்போதுதான் கண்ணில் பட்டது. அவருக்கும் வயதாகியிருந்தது. அறிக்கையின் முதல் பக்கத்தைத் திருப்பினார். அதிகாரிகள் முதல் பக்கத்தைத் தாண்டிப் படிக்க மாட்டார்கள், அதனால் சொல்ல வேண்டியதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடு என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவரும் அவளும் ஒரே கட்சி.

கூட்டம் மாநகராட்சியின் மேல்மாடியில் நடந்தது. லிஃப்ட் வேலை செய்யவில்லை, படியேறித்தான் போனாள். நீள மேஜை, ஓயாமல் கடகடக்கிற மின்விசிறி. ரயில்வேயிலிருந்து இன்ஜினியர் வந்திருந்தார். அந்தப் பாலத்தை வரைந்து கட்டியவர். மெலிந்த, சிடுசிடுத்த மனிதர். மதிலை இன்னும் உயர்த்தி, கடக்கிறவர்களுக்கு அபராதம் போட வேண்டும் என்ற யோசனையோடு வந்திருந்தார். எதிரே சுகாதார அதிகாரி, ஒரு நடுத்தர வயதுப் பெண்.

அவள் பேசி முடித்ததும் இன்ஜினியர் முகம் சுண்டிப் போயிற்று. பாலத்தைக் குறை சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார். படியை அவர் ஆசைப்பட்டு உயரமாக்கவில்லை, தண்டவாளத்துக்கு மேலே மின்கம்பி போகிறது, அதைத் தாண்டித்தான் கட்ட முடியும். சரிவுப் பாதை போடலாம் என்றால் அதற்கு வேண்டிய நிலத்தில் வீடுகள் இருக்கின்றன, அவற்றை இடிக்கச் சொல்கிறீர்களா என்று கேட்டார். அவர் சொன்ன எல்லாமே நியாயம். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒவ்வொரு தடவையும் நான்தான் மேடம் போய் நிக்கிறேன். ஆம்புலன்ஸுக்கு முன்னாடி நான் போயிடறேன். பாலம் இருக்கு, விளக்கு இருக்கு, அப்புறமும் எதுக்கு இதுல வராங்கன்னு எனக்குப் புரியவே இல்ல."

"நானும் அதுல போனேன் சார்" என்றாள் அவள்.

ரெட்டைக் கண்ணாடி குனிந்து தன் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதை இங்கே சொல்லப் போவதாக அவள் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அவளே நினைத்திருக்கவில்லை. மத்தியான வெயில், முழங்கால், நின்றுகொண்டிருந்த சரக்கு ரயில், பின்னாலிருந்து இழுத்த கை என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். தையல்காரம்மாவின் தங்கையைப் பற்றியும் சொன்னாள். சொல்லும்போது குரல் தழுதழுக்கவில்லை. களைத்துப்போனவர்கள் பேசுகிற தட்டையான குரல் அது.

இன்ஜினியர் கேட்டார். "சரக்கு ரயில் அந்த இடத்துலயா நின்னுச்சு?"

"அங்கதான் எப்பவும் நிக்கும்னு சொல்றாங்க."

அவர் தன் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். டோக்கன் கையில் இருந்த பெண்ணைத் தனக்கு ஞாபகம் இருக்கிறது என்றார்.

சுகாதார அதிகாரி லேசில் பிடி கொடுக்கவில்லை. டோக்கன் வைத்ததே வரிசையில் அடிதடி நடந்ததால்தான், எடுத்தால் பழையபடி சட்டை கிழியும் என்றார். குடியிருப்புப் பக்கம் தனியாக மருத்துவமனை திறக்க டாக்டருக்கு எங்கே போவது, இருப்பவர்களே தலைக்கு மேல் வேலை பார்க்கிறார்கள் என்றார். அதுவும் உண்மைதான் என்று அவள் ஒப்புக்கொண்டாள். அவள் தன் அறிக்கையில் புது ஆஸ்பத்திரி கேட்கவில்லை. பிற்பகலில் அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில் கூட்டம் குறைந்துவிடுகிறது, டாக்டர்களில் ஒருவர் வாரத்தில் சில பிற்பகல்கள் நர்ஸோடு இந்தப் பக்கம் வந்து உட்கார முடியுமா? குடியிருப்பில் மாநகராட்சியின் சமூகக் கூடம் பூட்டிக் கிடக்கிறது. காலையில் அதே கூடத்தில் சின்ன வகுப்புகள் இரண்டை நடத்த முடியுமா? டாக்டர் இவர்கள் பக்கம் வந்தால் இவர்கள் விடியக்காலை டோக்கனுக்கு ஓட வேண்டியதில்லை. அதிகாரி யோசித்துச் சொல்வதாகச் சொல்லிக் கோப்பை மூடினார். யோசித்துச் சொல்வதாகச் சொன்னவர்கள் யாரும் சொன்னதாக அவளுக்கு நினைவில்லை.

ஆனால் இந்தத் தடவை இன்ஜினியர் விடவில்லை. தன் கையில் இருந்ததை முதலில் செய்தார். சரக்கு ரயில்கள் அந்த இடத்தில் நிற்காமல் கொஞ்சம் தள்ளிப் போய் நிற்கும்படி மாற்றினார். பார்வையை மறைக்க இப்போது ஒன்றுமில்லை. அதோடு நிற்காமல் சுகாதார அலுவலகத்துக்கும் நடையாய் நடந்தார். ரயில்வே இன்ஜினியர் எதற்கு ஆஸ்பத்திரிக்காக நாயாய் அலைகிறார் என்று அங்கே சிரித்தார்களாம். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இருந்தும் உடனே எதுவும் நடந்துவிடவில்லை. தேர்தல் வந்தது, எல்லாம் நின்றது. சுகாதார அதிகாரிக்கு மாற்றல் வந்தது, புதிதாக வந்தவரிடம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. சமூகக் கூடத்தின் சாவி யாரிடம் என்பதற்கே ஒரு மழைக்காலம் போயிற்று. அந்த மழைக்காலத்தில் ஒரு காய்கறிக்காரர் தண்டவாளத்தில் அடிபட்டுச் செத்துப்போனார். இன்ஜினியர்தான் அவளுக்குப் போன் செய்தார். சொல்லிவிட்டு அவர் வைக்கவில்லை, அவளும் வைக்கவில்லை. பிறகு அவர், "சரி மேடம், நாளைக்கு மறுபடி போய்க் கேக்கறேன்" என்று சொல்லி வைத்தார். அன்று அவளுக்கு இந்த வேலையையே விட்டுவிடலாம் என்று தோன்றியது. கணவரிடம் சொன்னாள். விட்டுவிட்டு என்ன செய்வாய் என்று அவர் கேட்டார். தூங்குவேன் என்றாள்.

விடவில்லை. விடுவதற்கும் ஒரு முடிவு எடுக்க வேண்டுமே, அதற்கு நேரம் வாய்க்கவில்லை. வேறொரு பகுதியில் குப்பைக் கிடங்கு வேலை வந்தது, அதில் மூழ்கினாள். சமூகக் கூடம் திறந்த செய்தி அவளுக்கு அங்கே இருக்கும்போதுதான் எட்டியது.

கூடம் திறந்து ஒரு வருஷம் கழித்து, என்ன மாறியிருக்கிறது என்று பார்த்து வரும்படி ரெட்டைக் கண்ணாடி அவளை அனுப்பினார். கணவருக்கு அன்று பல் வலி, அவள் மட்டும் போனாள். மதில் ஓட்டை அப்படியேதான் இருந்தது. அதில் போகிறவர்களும் இருந்தார்கள். ஆனால் காலையில் அவள் நின்று பார்த்தபோது பழைய கூட்டம் இல்லை. விடியக்காலை ஓட்டம் அறவே நின்றிருந்தது. காய்கறிக்காரருக்குப் பிறகு அங்கே யாரும் சாகவில்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டாள். கூடத்தில் நடத்தச் சொன்ன சின்ன வகுப்புகள் மட்டும் இன்னும் வரவில்லை. கட்டடம் பாதுகாப்பானதா என்று யாரோ சான்றிதழ் கொடுக்க வேண்டுமாம். தாய்மார்கள் இன்னமும் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டைக்குள் குனிந்தார்கள். அவள் அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தச் சான்றிதழ் எந்த அலுவலகத்தில் கிடக்கும் என்று மனசு தன்பாட்டுக்கு யோசிக்கத் தொடங்கியது.

பிற்பகலில் சமூகக் கூடத்துக்குப் போனாள். வெள்ளையடித்திருந்தார்கள். சுவரோரம் பெஞ்சு, திரை போட்ட ஒரு கட்டில், டாக்டரின் மேஜை. இந்த இடம் எப்படி வந்தது என்று பெஞ்சில் இருந்தவர்களிடம் கேட்டாள். கவுன்சிலர் சண்டை போட்டு வாங்கிக் கொடுத்ததாக ஒருவர் சொன்னார். இல்லை, ரயில்வேக்காரர்கள் செலவில் கட்டியது என்று இன்னொருவர் மறுத்தார். ஓர் அம்மாள், அந்தப் பக்கத்து டாக்டருக்கு மனசு இளகி அவராகவே வருகிறார் என்றாள். மூவரும் தங்களுக்குள் வாக்குவாதத்தில் இறங்கிவிட்டார்கள். முன்பு பையும் வாத்தியாருமாக வீடு வீடாக வந்த கேள்விக்காரம்மாவை அவர்களில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. அவளுக்கு அது ஆறுதலாகவே இருந்தது. யாரிடமும் எதையும் விளக்க வேண்டாம்.

கால் கடுத்ததால் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். நகர்ந்து நகர்ந்து பெஞ்சு காலியானது. அவளும் கூடவே நகர்ந்திருக்கிறாள் போல. நர்ஸ் வந்து, "வாங்கம்மா, கைய நீட்டுங்க" என்றாள். தான் நோயாளி இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நர்ஸ் கையில் பட்டையைச் சுற்றிக் காற்று அடிக்க ஆரம்பித்துவிட்டாள். கருவியைப் பார்த்ததும் நர்ஸின் புருவம் ஏறியது. மறுபடி ஒருமுறை அடித்துப் பார்த்தாள்.

"என்னம்மா இது, இவ்ளோ பிரஷர வச்சிக்கிட்டு எப்படி நடமாடுறீங்க? மாத்திரை சாப்பிடுறீங்களா?"

"இல்லை."

"தூக்கம்?"

நர்ஸ் பதிலுக்குக் காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிட்டாள். டாக்டர் வந்து பார்த்தார், மாத்திரை ஒன்றை அங்கேயே விழுங்கச் சொன்னார். இப்போதைக்கு எங்கேயும் நடக்கக் கூடாது, கொஞ்ச நேரம் படுத்திருங்கள், இறங்கியதா என்று பார்த்துவிட்டுத்தான் விடுவேன் என்றார். அடுத்த வாரமும் வர வேண்டும் என்றார். தன் வீடு நகரத்தின் மறுகோடியில் இருக்கிறது என்று அவள் சொல்லவில்லை. சரி என்று தலையாட்டினாள்.

திரைக்குப் பின்னால் கட்டிலில் படுத்தாள். வெளியே ஒரு ரயில் போயிற்று. கூடம் லேசாக அதிர்ந்தது. நர்ஸ் யாரோ ஒரு கைக்குழந்தையை அழாதே அழாதே என்று சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள். கணவருக்குப் போன் செய்து தாமதமாகும் என்று சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கண்ணை மூடினாள். நர்ஸ் திரும்பி வந்து பார்த்தபோது அவள் வாயைத் திறந்து அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நர்ஸ் மின்விசிறியைச் சற்றுக் கூட்டி வைத்துவிட்டு, திரையை இழுத்து மூடிவிட்டு, அடுத்தவரைக் கூப்பிட்டாள்.